மேல் இரண்டு பலகை

ஜூரியாவை எல்லோரும் மதகுக்காரி என்றுதான் சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. நேருக்கு நேர் சொல்ல ராவா பாயு குடியிருப்பில் எவருக்கும் துணிச்சல் கிடையாது. அங்கே இருந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஏதாவது ஒரு நாள் அவளிடம் போய், ஒரே ஒரு பலகையை எடுத்துவிடக் கூடாதா என்று குழைந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

எங்கள் பொன்தியானாக் நகரத்தில் ஆற்றை விட்டு உள்ளே தள்ளிப் போனால் காலுக்குக் கீழே இருப்பது நிஜமான மண் இல்லை. இலையும் வேரும் கட்டையும் தண்ணீருக்குள் ஊறி ஊறி மட்கிப்போன கறுப்புச் சக்கை. ஈரமாக இருக்கும் வரை சாது. காய்ந்துவிட்டால் அதற்குள் அடைந்து கிடந்த கரியெல்லாம் காற்றில் கலக்கும், தரை அமுங்கும், ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் மாதக்கணக்கில் அடியிலேயே எரியும். எங்கள் பக்கத்தில் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் முதல் காரியமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுவார்கள். பிறகு லாரி லாரியாகச் செம்மண் கொட்டுவார்கள். ராவா பாயுவைக் கட்டிய கம்பெனி அதைத் தலைகீழாகச் செய்தது. தண்ணீரை வடிக்காமல் தேக்கி வைத்தது. மரத்தூண்கள் மேல் மர வீடுகள், வீட்டுக்கு வீடு பலகை நடைபாதை, கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் நுழைவாயில் கொட்டகையோடு சரி. உலகம் சூடாவதில் எங்கள் பங்கைக் குறைக்கிறோம் என்று வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு வீடு வாங்கியவர் யாரும் இல்லை. விலை கொஞ்சம் குறைவு, அதனால் வாங்கினார்கள்.

வாய்க்கால் போய்ப் பெரிய கால்வாயில் சேரும் இடத்தில் ஒரு மதகு. இரண்டு பக்கத் தூணிலும் வெட்டிய காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பலகைகள். தரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. கம்பெனி இஞ்சினியர் ரெட்னோ வேலை கொடுத்த அன்றைக்கு அதை ஒரு தரம் சொன்னாள். ஜூரியா அதைக் குர்ஆன் மாதிரி பிடித்துக்கொண்டாள். மழை கொட்டினால் ஒரு பலகையை உயர்த்திக் கொஞ்சம் விடுவாள், வெயில் அடித்தால் இடுக்கில் களிமண் அப்புவாள். படித்தது கொஞ்சம், பிடிவாதம் நிறைய.

பக்கத்து வரிசையில் துக்கிமான் இருந்தார். ஜாவாக்காரர், மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர் நட்ட மிளகாய்ச் செடியெல்லாம் வேர் அழுகிச் செத்தது.

"மதகம்மா, வந்து பாருங்க இந்தக் கொடுமையை. ஒரு பலகை. ஒரே ஒரு வாரம். யாருக்குத் தெரியப் போவுது?"

"மிளகா சந்தையில கிடைக்கும் அண்ணே. இந்த மண்ணு எந்தச் சந்தையில கிடைக்கும்?"

"மண்ணா இது? கொதிக்க வெச்சுப் பிழிஞ்ச டீத்தூளு."

"அந்த டீத்தூளு மேலதான் கட்டில் போட்டுத் தூங்குறீங்க. காஞ்சுதுன்னா கட்டிலோட கீழ போவீங்க. தொட்டியில வெச்சு வளருங்க, போங்க."

"மோட்டார் சைக்கிளை வாசல்ல விட்டுட்டு சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு வர்ற ஊருல வந்து மாட்டிக்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு போவார். மறுவாரம் திரும்பி வந்து கேட்பார். கேட்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒருநாளும் பலகையைத் தொட்டதில்லை.

மாஸ்தூரா வந்த கதை வேறு. நகரத்தின் ஓரத்தில் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. கோடை வந்தால் சுற்றிலும் காய்ந்த நிலம் எரியும், புகைமூட்டம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து படுக்கையில் உட்கார்ந்துகொள்ளும். புருஷன் அந்தப் புகையில் இருமி இருமியே போனார். அவளுடைய நுரையீரலிலும் பாதி போய்விட்டது. செத்துப்போன தங்கையின் மகன் அர்மானைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள்தான். அவனுக்காவது நல்ல காற்று வேண்டும் என்று வீடு தேடிக்கொண்டிருந்தாள். ராவா பாயுவில் வீடு காட்டிய பையன், "இங்க தரை எரியாதும்மா, எப்பவும் ஈரம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தாள்.

குடி வந்த அன்றே மூச்சு வாங்க வாங்க மதகடிக்கு நடந்து வந்தாள்.

"நீதான் பலகைக்காரியா?"

"ஆமா. பலகையைக் கேக்க வந்திருந்தா இப்பவே திரும்பிடுங்க."

"கேக்க வரல. யாரு கேட்டாலும் குடுத்துடாதேன்னு சொல்ல வந்தேன்."

ஜூரியா சிரித்துவிட்டாள். அந்த வேலைக்கு வந்த பிறகு அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் மாஸ்தூரா வாழைப்பழம் பொரித்து எடுத்துக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீருக்கு மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். "இங்க வந்த பிறகுதான் படுத்துத் தூங்குறேன். அங்க உக்காந்தே தூங்குவேன்" என்பாள் மாஸ்தூரா. அதைக் கேட்கும்போது ஜூரியாவுக்கு ஏதோ தானே அவளுக்கு மூச்சை அள்ளிக் கொடுத்த மாதிரி ஒரு பெருமை வரும். அந்தப் பெருமையில் தப்பில்லை, அது உண்மையாகவும்தான் இருந்தது.

அந்த நடைபாதையிலேயே கல்யாணப் பேச்சும் வந்தது. ஜூரியாவுக்கு ஒரே மகள், நோவி. அர்மானும் அவளும் ஏற்கெனவே பேசிப் பழகி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்குத் தெரியாத மாதிரி அவர்களும், தெரிந்தும் தெரியாத மாதிரி இவர்களும் கொஞ்ச நாள் நடித்தார்கள். பிறகு மாஸ்தூரா, "சம்மந்தின்னு கூப்பிடட்டுமா, இல்ல இன்னும் ரெண்டு தட்டு பழம் பொரிக்கணுமா?" என்று கேட்டாள். முடிந்தது.

இனிமேல் சொல்ல வேண்டியது ஜூரியாவின் சொந்தக் கல்யாணம். அது கல்யாணம் மாதிரியே நடக்கவில்லை. படகு எஞ்சின் பழுது பார்க்கும் டாமிரியைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவன் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவு அலுவலகத்தில் போய் இரண்டு சாட்சி வைத்து முடித்துக்கொண்டார்கள். பந்தல் இல்லை, வரிசை கட்டி உட்கார வைத்து ஒரு சபைச் சாப்பாடு இல்லை, வந்தவருக்குக் கொடுக்க ஒரு டம்ளர் சிவப்புச் சர்பத்துகூட இல்லை. எங்கள் ஜனங்களில் இதை யாரும் மறக்க மாட்டார்கள். டாமிரியின் அக்கா ஹாமிஸா ஒவ்வொரு விருந்திலும் கையைக் கழுவிக்கொண்டே சொல்வாள்: "எல்லாம் சரி, எங்க தம்பி கல்யாணத்துல சாப்பிட்ட ருசி இருக்கே, இன்னும் நாக்குலயே நிக்குது." பந்தியே சிரிக்கும். ஜூரியாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள். மகள் வளர்ந்து ஆளாகும் வரை இதையே கேட்டாள்.

அதனால் நோவியின் கல்யாணத்தைத் தன் வீட்டு வாசலில், தன் பந்தலில், விறகடுப்பில் ஆக்கிய மாட்டுக்கறியோடு நடத்த வேண்டும் என்பது அவளுக்கு ஆசை மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் தான் வாழ்ந்ததற்கே அர்த்தம் இல்லை என்று நினைத்தாள். ராவா பாயுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மண்டபம் இருந்தது. ஓடு பதித்த தரை, கேஸ் அடுப்பு, எல்லா வசதியும் இருந்தது. விசேஷம் என்றால் அங்கேதான் என்று பேச்சு. டாமிரி அதையே அக்காவிடம் தொலைபேசியில் சொன்னான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது ஹாமிஸாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, அவள் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது.

"மண்டபமா? சரி சரி. தேர்தல் கூட்டத்துக்கு வர்ற மாதிரி வந்துட்டு பொட்டலம் வாங்கிட்டுப் போறோம். உங்க வீட்டுக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

"அவ கெடக்கா, விடு" என்றான் டாமிரி, போனை வைத்துவிட்டு.

"நீங்க விட்டுடுவீங்க. காலம் பூரா வாங்கிக் கட்டிக்கிட்டது நான்தானே? என் மகளும் இதைக் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

மாஸ்தூராவும் மண்டபமே போதும் என்றாள். "விறகுப் புகைன்னாலே எனக்கு நெஞ்சு அடைக்குது சம்மந்தி. அதோட, உன் வாசல் முழுக்க ஈரம். பந்தக்கால் எங்க நிக்கும்?"

"அடுப்பு கொல்லைப் பக்கம் அக்கா. காத்து கால்வாய்ப் பக்கம் போயிடும். உங்க வீட்டுக்கு ஒரு துளி புகை வராது, சத்தியமா. தரையை நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று மாஸ்தூரா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஜூரியா ஒரு காரியத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது முடிந்த மாதிரி.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஜூரியா மதகுக்குப் போனாள். தொழுத உடையைக்கூட மாற்றவில்லை. மேல் பலகையை இழுத்தாள். லேசாக உயர்த்தித்தான் பழக்கம், முழுசாக எடுத்ததே இல்லை; ஊறிப்போய்க் காடியில் கடித்துக்கொண்டிருந்தது, வரவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். தண்ணீர் பழுப்பு நிறத்தில் வழுக்கிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இரண்டாவது பலகையையும் எடுத்தாள். மழைக்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு பலகையைப் போட்டுவிட்டால் இரண்டு மழையில் நிறைந்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டாள். எந்த வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ரெட்னோவுக்கு வழக்கம் போல, தண்ணீர் சரியாக இருக்கிறது என்று செய்தி அனுப்பினாள்.  பொய் என்று தெரிந்தும் அனுப்பினாளே.

தரை நாளுக்கு நாள் இறுகியது. பிள்ளைகள் வீட்டுக்கு அடியில் இறங்கிப் பந்து விளையாடினார்கள். துக்கிமான் புதுச் செடி நட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டவள் மாஸ்தூரா ஒருத்திதான்.

"என்ன ஜூரியா இது, காலை வெச்சா கெட்டியா இருக்கு?"

"மழை கொறைஞ்சிருக்குல்ல அக்கா."

"அதான் பாத்தேன். பலகையில ஓட்டை கீட்டை விழுந்திருக்கப் போவுது, பாரு."

"பாக்கறேன் அக்கா."

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. ஜூரியாவின் தம்பி சாப்ரான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து வந்து கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டினான். அவர்கள் அம்மா வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் அப்படித்தான் வெட்டுவார்கள். ஆற்றங்கரை மண் களிமண். அதில் எத்தனை அண்டா வைத்தாலும், எத்தனை விறகு எரித்தாலும், அடுப்பு சுட்ட செங்கல்லாக நிற்குமே தவிர வேறொன்றும் ஆகாது. பாட்டன் காலத்திலிருந்து கை பழகின வேலை. காட்டை எரிக்கிறவனைப் பார்த்து நாங்கள் திட்டுவோம். கல்யாண அடுப்பும் நெருப்புதான் என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. காலம் முழுக்க அந்த மண்ணைக் காத்த ஜூரியாவே அடுப்பு ஓரமாக நின்று, "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டு, அண்டா ஆடுது" என்றாள்.

வந்தவர்கள் பாய் விரித்து ஆறு ஆறு பேராக வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். சோறு, கறி, தால்ச்சா, அன்னாசிப் பச்சடி எல்லாம் கைமாற்றிக் கைமாற்றி வரிசையாக வந்து இறங்கின. ஹாமிஸா மூன்று தரம் கறி வாங்கினாள். கை கழுவும்போது ஜூரியா அவளுக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள். ஹாமிஸா விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு, "கறி நல்லா வெந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஜூரியா கொல்லைப் பக்கம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுத அழுகைதான் அது. அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைத்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் சாப்ரான் அடுப்பில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, புஸ்ஸென்று ஆவி அடங்கியதும் மண்ணைத் தள்ளி மூடினான். நோவி மூன்று வீடு தள்ளி மாஸ்தூரா வீட்டுக்கு மருமகளாகப் போனாள். ஜூரியா பலகைகளைத் திரும்பவும் காடியில் இறக்கிக் களிமண் அப்பினாள். இனி மழை வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த வருஷம் மழை அதோடு நின்றுவிட்டது. மதகு மூடியிருந்தது, ஆனால் தேக்குவதற்குத் தண்ணீர் இல்லை. ஜூரியா காலையும் மாலையும் வானத்தைப் பார்த்தாள். தொழுகையில் வேறெதுவும் கேட்கவில்லை. ஒருநாள் விடியும்போது எரிந்த வாடை வந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் வந்தது. கொல்லையில் இறங்கிப் பார்த்தாள். மூடின அடுப்புக்கு அப்பால், புல்லுக்கு நடுவே, நூல் மாதிரி ஒரு புகை. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினாள். உள்ளே கண்ணைத் திறந்த மாதிரி சிவப்பு.

அவள் போட்ட கூச்சலில் ஊரே ஓடி வந்தது. பம்பு கொண்டு வந்தார்கள். வாய்க்காலில் குழாயைப் போட்டால் சேற்றை உறிஞ்சி நின்றுபோனது. ஒரு பக்கம் தோண்டி அணைத்தால் இன்னொரு பக்கம் புகைந்தது. தரைக்கு மேலே தீயே கிடையாது. அடியில் அது தன் பாட்டுக்கு நடைபாதையைத் தாண்டி வீட்டு வரிசையோடு போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் புகை எழும்பவும் மாட்டாமல் கலையவும் மாட்டாமல் வீடுகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் இருந்த வீட்டுக்காரர்கள் உறவினர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள்.

மாஸ்தூரா கிளம்ப மறுத்தாள்.

"அக்கா, என் தம்பி வீட்டுக்குப் போயிடுங்க. ஆத்தங்கரை, நல்ல காத்து. நோவி கூட வருவா."

"எதுக்கு? சின்னக் குழந்தைங்க மாதிரி எல்லாரும் பயந்து ஓடறாங்க. இது அங்க மாதிரி இல்ல ஜூரியா. இங்க அடியில ஈரம் இருக்கு. மேல கொஞ்சம் கருகும், ஈரத்துல பட்டதும் செத்துடும். ரெண்டு நாளு."

"இல்லக்கா, போயிடுங்க. நான் சொல்றேன்ல."

"நீ பலகை போட்டு வெச்சிருக்கே. எனக்கு என்ன பயம்?"

அப்போது சொல்லியிருக்கலாம். பலகையை நான் எடுத்தேன் அக்கா, அடியில் ஈரம் இல்லை, பொட்டுக்கூட இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாஸ்தூரா அந்த நிமிஷமே எழுந்திருப்பாள். ஜூரியாவின் வாய் திறந்தது. மாஸ்தூராவின் முகத்தைப் பார்த்தாள். "ஈரத் துணி கொண்டாறேன், ஜன்னல்ல கட்டலாம்" என்றுதான் வார்த்தை வந்தது. செய்த தப்பைவிட இந்த மௌனம்தான் பெரிய பாவம் என்று அவளே பிற்பாடு சொன்னாள். யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அர்மானும் இன்னும் மூன்று பேரும் மாஸ்தூராவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடைபாதை நெடுக ஓடினார்கள். கொட்டகை வரை ஓட வேண்டும், ஆம்புலன்ஸ் அதற்கு மேல் வராது. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்தார்கள். ஜூரியா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் மாஸ்தூரா மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"பலகை இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அப்புறம் எப்படி..."

மேலே பேச மூச்சு இல்லை. நர்ஸ் மாஸ்க்கை இழுத்துப் பொருத்திவிட்டாள். மாஸ்தூராவின் கண் ஜூரியாவின் மேலேயே இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஒரு விஷயம் புரியாதபோது நம்பிக்கையான ஆளிடம் கேட்போமே, அப்படித்தான் கேட்டாள். விடியும் முன் போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்து ஏழாம் நாள் துஆ மண்டபத்தில் நடந்தது. அதற்கு முந்தின நாள்தான் வானம் திறந்து கொட்டியிருந்தது. நடைபாதைப் பலகை வரை தண்ணீர் நின்றது, அடியில் இருந்த தீயும் செத்தது. ஓதி முடித்து டீ கொடுக்கும்போது பேச்சு கிளம்பியது. மதகு மூடியிருக்கும்போது தரை எப்படிக் காய்ந்தது? எவனோ திருட்டுத்தனமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான். எவன்? எல்லாத் தலையும் துக்கிமான் பக்கம் திரும்பியது.

"மிளகாய்க்கு ஆசைப்பட்டு ஒரு உசுரையே எடுத்துட்டியே, மனுஷனா நீ?"

"நான் வாயால கேப்பேன். கையால தொட்டதில்லீங்க" என்றார் துக்கிமான். யாரும் நம்பவில்லை. ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். அந்த ஆள் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார்.

ஜூரியா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"அவரை விடுங்க. நான்தான் எடுத்தேன். மேல் ரெண்டு பலகை. நோவி கல்யாணத்துக்குத் தரை காயணும்னு எடுத்தேன்."

 டாமிரி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனிடம்கூட அவள் சொன்னதில்லை. அர்மான் டீக் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். அதைக் கீழே வைத்தான்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

 அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். நோவி அவன் பின்னாலேயே போனாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பினாள். "எனக்காகன்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றாள்.

கம்பெனி அவளை வேலையை விட்டு நீக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரெட்னோ வந்தாள், அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள், நீங்களே கூடி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். குடியிருப்புக்காரர்கள் கூடி, ஜூரியாவே இருக்கட்டும் என்றார்கள். முதலில் சொன்னது துக்கிமான்தான். "இனிமே இவங்க உசுரே போனாலும் பலகையை எடுக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு அன்று அவள் பட்ட பாடு, துரத்தியிருந்தால்கூடப் பட்டிருக்க மாட்டாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு மர வீட்டு வரிசை வருவதாக இருந்தது. நிலத்துக்காரர் மனம் மாறிவிட்டார். ஈரமாக வைத்தாலும் எரியத்தான் செய்கிறது, பிறகு எதற்கு இந்த வம்பு என்று கேட்டார். எல்லா ஊரிலும் செய்கிற மாதிரி ஆழமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கினார். செம்மண் லாரிகள் வந்தன. ஜூரியா மதகில் நின்றால் எதிர்ப்பக்கத் தரை வெளுத்து வெடிப்பது தெரியும். ஈரம் எரியவில்லை ஐயா, ஈரத்தை நான்தான் எடுத்தேன் என்று அவரிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். லாரி நிற்கவில்லை.

அர்மானும் நோவியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். அவர்கள் சண்டை போடவில்லை. நோம்புப் பெருநாளுக்கு வந்து கையில் முத்தமிட்டார்கள், ஒரு வாய் பலகாரம் சாப்பிட்டார்கள், கிளம்பினார்கள். அர்மான் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கவில்லை. நோவிக்கு வயிறு தெரிந்தது. ஜூரியா பார்த்தாள், தொட்டுப் பார்க்கக் கை நீட்டவில்லை.

பிரசவம் ஆஸ்பத்திரியில் ஆனது. பெண் குழந்தை. டாமிரி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முடி இறக்கிப் பெயர் வைக்கிற சடங்குக்கு முந்தின நாள் ஜூரியா புதுப் பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு மெல்லிய துணி, வெள்ளிக் கத்திரி, வெட்டுகிற முடியைப் போட்டு வைக்க ஒரு இளநீர்க்காய், எல்லாம் ஒரு கூடையில் எடுத்து வைத்திருந்தாள். போன் அடித்தது. நோவி.

"அம்மா, நாளைக்கு..."

"கெளம்பிட்டே இருக்கேன். விடியக்காலப் படகுல வந்துடறேன். சமையலுக்கு ஆள் இருக்கா?"

"அம்மா, நீங்க வர வேணாம்."

ஜூரியா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அர்மான் சொன்னானா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டாரு. நான்தான் சொல்றேன். பெரியம்மா சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க. குழந்தைக்கு அவங்க பேரைத்தான் வெக்கறோம். அந்தப் பேரைச் சொல்லி ஓதும்போது நீங்க அங்க உக்காந்திருந்தா அவரு முகத்தை என்னால பாக்க முடியாதும்மா. அப்பா வரட்டும்."

அந்தப் பக்கம் நோவி அழுகிறாள் என்பது கேட்டது. ஜூரியாவுக்குத் தன் மகளைச் சமாதானப்படுத்த வேண்டும் போலிருந்தது. அதற்குக்கூட என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

"சரிம்மா. நீ சொல்றது சரிதான். அப்பாகிட்ட கூடையைக் குடுத்து விடறேன்."

"ம்."

"நோவி, குழந்தைக்கு மூச்சு நல்லா இருக்கா? டாக்டர் நெஞ்சைப் பாத்தாரா?"

நோவி மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் வந்தது.

"நல்லா இருக்கும்மா. தூங்குது."

"கொஞ்சம் போனைக் கிட்ட வையேன்."

நோவி வைத்தாள். முதலில் துணி உரசுகிற சத்தம் வந்தது. அப்புறம் சின்னதாக, சளி இல்லாமல், தடங்கல் இல்லாமல், உள்ளே போய் வெளியே வரும் மூச்சு. ஜூரியா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். டாமிரி உள்ளே வந்து யாரென்று கேட்டான். அவள் பேசாதே என்று கையைக் காட்டினாள். நோவி அந்தப் பக்கம் போனை எடுத்து அணைக்கும் வரை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.